உன் அப்பாவின் காலும் நீ படித்த படிப்பும்

அன்புள்ள தம்பிக்கு,

நேரில் சொல்லலாம் என்றால் வாயைத் திறக்கும் முன்னே எனக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. செல்போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பம்பாய் ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஊரே இனிப்பு கேட்கிறது. நீயோ போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, அப்பா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யோசிக்கலாம்மா, அவ்ளோ தூரம் எதுக்கு" என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் பாண்டிச்சேரி பஸ் ஏறிப் போய்விட்டாய். நீ எதை யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளிடமே மறைக்கிறாயா? நீ போய்விட்டால் அப்பாவின் காலை யார் பார்ப்பது என்பதுதானே உன் யோசனை. அதற்குப் பதிலைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி. படித்து முடித்த பிறகு உன் காலேஜ் பிள்ளைகளிடமும் கொடு. அவர்களின் அம்மாமார்களும் என்னைப் போலத்தான் ஒன்றும் புரியாமல் இருந்திருப்பார்கள்.

நீ நர்சிங் சேர்ந்தபோது நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் என்னைப் படாதபாடு படுத்திவிட்டார்கள். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிற இடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம் அல்லவா, கை ஒரு பக்கம் வேலை செய்தால் வாய் ஒரு பக்கம் வேலை செய்யும். பக்கத்தில் உட்காருகிற மல்லிகா அக்காதான் ஆரம்பித்து வைத்தாள். "ஏன்டி, ஆம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு அந்தப் படிப்பு? ஊசி போடக் கத்துக்க நாலு வருசமா? எங்க தெரு கம்பவுண்டரு நாலே நாள்ல கத்துக்கிட்டாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் உண்மையாகவே எனக்கும் தெரியாது. நாலு வருஷம் அப்படி என்னதான் சொல்லித்தருவார்கள்? அதனால்தான் நீ லீவுக்கு வரும்போதெல்லாம், பையைக் கீழே வைப்பதற்குள், "இந்தத் தடவ என்னாடா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். நீ நினைத்தாய் அம்மாவுக்கு உன் படிப்பின் மேல் அத்தனை அக்கறை என்று. அக்கறை பாதி, மல்லிகா அக்காவின் வாயை அடைக்க வேண்டுமே என்பது மீதி.

முதல் தடவை நீ சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "பெட்டு போடக் கத்துக் குடுத்தாங்கம்மா" என்றாய். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படுக்கை விரிப்பதற்கா உன்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்தோம்? அதை நான் கூடச் சொல்லித்தருவேனே! நீ அப்பாவைக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னாய். "நீங்க எந்திரிக்க முடியாத பேஷண்ட்டு. கையக் கால ஆட்டாதீங்க" என்றாய். அவரும் கண்ணை மூடிக்கொண்டு கட்டை மாதிரி கிடந்தார். நீ அவரை ஒருபக்கமாகச் சாய்த்து, பழைய விரிப்பைச் சுருட்டி முதுகுப் பக்கம் தள்ளி, புதியதைப் பாதி விரித்து, இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மாற்றிவிட்டாய். அவரை எழுப்பவும் இல்லை, அவர் வேட்டி விலகவும் இல்லை. ஒரு சுருக்கம் இருந்தால்கூட மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கு அந்த இடம் புண்ணாகிவிடும் என்றாய். மறுநாள் கம்பெனியில் போய் அப்படியே சொன்னேன். மல்லிகா அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். படுக்கையில் கிடந்து செத்துப்போன அவள் மாமியார் முதுகு எப்படி இருந்தது என்று அன்றைக்குத்தான் எங்களிடம் சொன்னாள்.

அதற்கு அடுத்த லீவில் நீ என்னைக் கொன்றே போட்டிருப்பாய். அழுக்குத் துணியைத் துவைக்க எடுக்கலாம் என்று உன் பையில் கையை விட்டால் கையோடு வந்தது மனுஷன் தொடை எலும்பு! வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கேற்றி வைத்த வீட்டில்! நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு அண்ணி தோசை திருப்புகிற சட்டுவத்தோடு ஓடி வந்துவிட்டாள். நீயோ சாவகாசமாக வந்து, "சீனியர்கிட்ட இரவல் வாங்கினதும்மா, கீழ போட்டுடாத, ஒடைஞ்சிடும்" என்கிறாய். வீட்டைக் கழுவிவிட்டேன், பழமலைநாதர் கோவிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அதே எலும்பை வைத்துக்கொண்டு, எது எதோடு சேர்ந்திருக்கிறது, நரம்பு எந்த வழியாக இறங்குகிறது, கிழவிகள் வழுக்கி விழுந்தால் ஏன் இந்த இடத்தில்தான் முறிகிறது என்று நீ எனக்கு விளக்கியபோது என் அருவருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த எலும்புக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் அவருக்குப் புண்ணியம் போகட்டும் என்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இப்படித்தான் தம்பி, உன்னோடு சேர்ந்து நானும் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, எனக்கு மறுபடி கை கழுவச் சொல்லித்தந்தாய். விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண், மணிக்கட்டு என்று. எந்தச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது, எந்த மருந்தை எதோடு சேர்த்துத் தரக்கூடாது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், மனசு சரியில்லாதவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், ஒரு கிராமத்து வீட்டுக்குள் போனால் மருந்துப் பையை எங்கே வைக்க வேண்டும், எல்லாம் பாடம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. நோயாளியிடம் "எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் உங்களுக்கு ஒரு பாடமாம். நீ அதை என்னிடம் பழகிப் பார்த்தாய். நான் பேச ஆரம்பித்து, என் கல்யாணத்துக்கு முந்தைய கதை வரைக்கும் போய்விட்டேன். நம் வீட்டில் அதுவரை யாரும் என்னை அவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை.

இனி அப்பாவின் காலுக்கு வருகிறேன்.

உன் அப்பா அதே கம்பெனியில் சூளை மேஸ்திரி. கரண்டு பியூஸ் கட்டை, விளக்கு, பொம்மை என்று எது வெந்தாலும் அடுக்குவதும் தீ வைப்பதும் வெந்த பிறகு பிரித்து எடுப்பதும் அவர் பொறுப்பு. நம் ஊர்ச் சூளைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். தீ வைக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். மற்றவர்கள் கற்பூரம் அணைந்ததும் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். உன் அப்பா பக்தியில் ஒரு படி மேலே. சூளைத் தரையில் அவர் செருப்போடு நின்று நான் பார்த்ததே இல்லை. சூளை பிரிக்கும்போது தரை நன்றாக ஆறியிருக்காது. கூட இருப்பவர்கள் கோழி மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்துக் குதிப்பார்கள். அவர் மட்டும் ஆணி அடித்தாற்போல நிற்பார். "இது சூளையில வெந்த காலுடா" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். வருஷம் போகப் போக அவருக்குச் சூடே தெரியாமல் போனது. கம்பெனி முழுக்க அதுவே பெருமைப் பேச்சு. நானும் பெருமைப்பட்டேன். மேஸ்திரி பொண்டாட்டி என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாவற்றுக்கும் நாங்கள் சூளையையே காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். சூளை வெக்கை, குடிக்காமல் என்ன செய்வார் என்றேன். உடம்பு இளைத்தது. தீ முன்னால் நிற்கிறவன் உடம்பு எப்படிப் பெருக்கும் என்றார் அவர். மத்தியானம் சாப்பிட்டதும் சோர்ந்து படுத்தார். பாவம், உழைக்கிற உடம்பு என்று விசிறிவிட்டேன். வேறு ஊரில் வேறு வேலை செய்கிறவனாக இருந்தால், கால் மரத்துப்போகிறது என்றதும் பயந்துபோய் டாக்டரிடம் ஓடியிருப்பான். சூளைக்காரன் கால் மரத்தால் அதற்கு மாலை போடுகிற ஊர் நம் ஊர்.

நீ மூன்றாம் வருஷம் படித்தபோது பொங்கலுக்கு வந்திருந்தாய். கரும்பு, மாட்டுப் பொங்கல், கருவேப்பிலங்குறிச்சியில் உன் அத்தை வீட்டு விருந்து எல்லாம் முடிந்து, அன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றாய். வழக்கம்போல என் காலில் விழுந்தாய், திருநீறு பூசினேன். பிறகு அப்பா காலில் விழுந்தாய். அவர் எதிர் வீட்டு அண்ணனிடம் பேசிக்கொண்டே, "நல்லா இருடா, எந்திரி, பஸ்ஸு போயிடப் போவுது" என்றார். நீ எழுந்திருக்கவில்லை. மண்டியிட்ட மாதிரியே இருந்தாய். பிள்ளைக்கு ஊருக்குப் போக மனசில்லை போல என்று எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. நீ நிமிர்ந்து பார்த்தபோது உன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ப்பா, செத்த உக்காருங்க."

"என்னாடா, பஸ்ஸு வந்துடும்."

"பரவால்ல. அடுத்த பஸ்ஸுல போறேன். கால நீட்டுங்க."

பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு பீங்கான் சில்லு. வெள்ளைவெளேரென்று பாதி உள்ளே, பாதி வெளியே. சுற்றிலும் சிவந்து, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ். அதை வைத்துக்கொண்டுதான் அவர் பொங்கல் பானைக்கு அடுப்பு கூட்டியிருக்கிறார், மாட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்திருக்கிறார்! "இது எப்ப குத்துச்சு?" என்று அவரே அதிசயப்பட்டுக் கேட்டார். "வலிக்கலியாப்பா?" என்றாய். "வலிச்சா எனக்குத் தெரியாதாடா?" என்றார். நான் ஊக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், நெம்பி எடுத்து மஞ்சளை அப்பிவிடலாம் என்று. நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "யம்மா, தொடாத" என்று நீ சொன்ன அந்தக் குரலை நான் அதற்கு முன்பு உன்னிடம் கேட்டதில்லை.

பிறகு நீ செய்ததுதான் என் ஜென்மத்துக்கும் மறக்காது. கொஞ்சம் பஞ்சை எடுத்துத் திரி மாதிரி திரித்துக்கொண்டாய். அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னாய். "தொடுற எடத்தச் சொல்லுங்க" என்றாய். முழங்காலில் தொட்டாய், முழங்கால் என்றார். கெண்டைக்காலில் தொட்டாய், கொஞ்சம் யோசித்துச் சொன்னார். பிறகு பாதத்துக்கு வந்தாய். விரல், புறங்கால், குதிகால், மறுபடி விரல். அவர் கண்ணை மூடிக்கொண்டே, சிரித்த முகத்தோடு, "ம், தொடுறா. என்னா யோசன பண்ற? சீக்கிரம் தொடு" என்றார். நீ தொட்டுக்கொண்டுதான் இருந்தாய் தம்பி. உன் கையில் பஞ்சு அவர் விரலில் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நீ சில்லைப் பிடுங்கவில்லை. சுத்தமான துணியால் மூடி, காலைத் தரையில் ஊன்றவிடாமல், ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை தலைக்கு மேல் ஏறிக் கிடந்தது. எத்தனை வருஷமாக இருக்கிறதோ, நரம்பையே தின்றுவிட்டிருக்கிறது என்றார் டாக்டர். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே பெரிய டாக்டர் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். சீழ் எலும்புக்குப் போயிருந்தால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கால் இல்லாத சூளை மேஸ்திரியை யார் வைத்துக்கொள்வார்கள்? அதைவிட, அந்த மனுஷன் வீட்டில் மூலையில் உட்கார்ந்து நாளைக் கழிப்பாரா? ஒரு மாதத்தில் ஏக்கத்திலேயே போய்விடுவார். படம் வருகிற வரைக்கும் நான் வேண்டாத சாமி இல்லை. கொளஞ்சியப்பரிலிருந்து உன் கூட்டாளி வீட்டார் போகிற மாதா கோவில் வரைக்கும் எல்லாருக்கும் வேண்டுதல் போட்டு வைத்தேன்.

எலும்புக்குப் போகவில்லை. டாக்டர் அதைச் சொன்னபோது நான் வராண்டாவில் நின்றபடியே எல்லாச் சாமிக்கும் கும்பிடு போட்டேன். இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் கதை வேறு என்று சொல்லிவிட்டு, "யாரு மொதல்ல பாத்தது?" என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். அவர் உன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பெரிதாக ஒன்றும் பாராட்டவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள், ஊசி போட்டார்கள், விரல் ஒன்றுகூடப் போகவில்லை.

வார்டில் நடந்த ஒன்றை நீயும் அப்பாவும் என்னிடம் சொல்லவே இல்லை. நான் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து நடக்கக்கூடாது. நீ கட்டிலுக்கடியில் வைக்கிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாய். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வாணாம்டா. பெத்த புள்ள கையில இதக் குடுக்கறதுக்கா நான் படிக்க வெச்சேன்?" என்றார். நீ, "இதுக்குந்தாம்ப்பா படிக்க வெச்சீங்க. முத வருசமே சொல்லிக் குடுத்துட்டாங்க. வெக்கப்படறவங்கள எப்புடிப் போத்தி விடணும்னு கூடப் பாடம் இருக்குது. செத்த நகருங்க" என்றாய். அவர் நகர்ந்து கொடுத்தார். மறுநாளும் நான் கஞ்சியோடு வரும்போது பக்கத்துக் கட்டில்காரர், "ஒங்க பையன் டாக்டருங்களா?" என்று கேட்டார். அதுவரைக்கும் உன் அப்பா வெளியில் யார் கேட்டாலும் "மெடிக்கல் லைன்ல படிக்கிறான்" என்றுதான் மழுப்புவார். அன்றைக்கு, "இல்லிங்க, நர்ஸு" என்றார். வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் கஞ்சி ஆறிப்போகிற வரைக்கும் வெளியிலேயே நின்றேன்.

உனக்குப் பரீட்சை வந்துவிட்டது. போக மாட்டேன் என்று அடம் பிடித்தாய். அப்போதுதான் எனக்குக் கட்டுப் போடச் சொல்லித்தந்தாய். உன்னிடம் படித்ததிலேயே கஷ்டமான பாடம் அதுதான். கையைக் கழுவு, கழுவிய கையால் முந்தானையைத் தொடாதே, புண்ணின் மேல் ஊதாதே, துணியின் நடுவில் விரல் படக்கூடாது. நான் ஊதிவிட்டேன், நீ எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்ய வைத்தாய். பாவி, மாமியார்கூட என்னை அப்படி வேலை வாங்கியதில்லை! நீ பரீட்சை எழுதிவிட்டு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தாய். புண் சிவப்பாக, சுத்தமாக, ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "பாஸும்மா" என்றாய். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

காயம் ஆறிவிட்டது. உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொன்னது போலவே திரும்பவில்லை. இரண்டும் உனக்குத் தெரியும். கால் சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாய். அன்றிலிருந்து தினம் காலையில் பல் விளக்கியதும் அவர் காலை நீட்டுகிறார், நான் பார்க்கிறேன். விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். சூளைக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறார். முதல் நாள் கற்பூரத்துக்கு முன்னால் நின்று, "சாமிக்குத் தெரியும்டா எம் மனசு" என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டாராம். சாப்பாட்டில்தான் சண்டை. மாசி மகத்தில் அல்வாக் கடையைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒரு சைக்கிள்காரன் மேல் மோதிக்கொண்டார். மற்றபடி நன்றாக இருக்கிறார். நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை.

அம்மா என்ற முறையில் உனக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு அதிகம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. பம்பாயில் மழை பேய் மாதிரி பெய்யுமாம், தலையைத் துவட்டிக்கொள். நோயாளி திட்டினால் வலி திட்டுகிறது என்று நினைத்துக்கொள். உன் வேலையை யாராவது மட்டமாகப் பேசினால் சண்டைக்குப் போகாதே, அவர்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கும்போது தெரிந்துகொள்வார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாளாக நாளாக உனக்கும் எல்லாம் பழகும். இரத்தம் பழகும், அழுகை பழகும், சாவும் பழகும். கைக்குப் பழகட்டும், நல்லதுதான். ஆனால், "எனக்கு ஒண்ணும் ஒறைக்கறதில்ல, பழகிப்போச்சு" என்று நீ பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாள் வந்தால் அன்றைக்கு உன்னை யாராவது ஒரு பெரியவரிடம் காட்டு. அந்தப் பெருமை நம் வீட்டில் என்ன செய்தது என்று பார்த்துவிட்டோம்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். செவ்வாய்க்கிழமை சூளை பிரித்தார்கள். அப்பாவிடம் வேலை பார்க்கிற செல்வராசு, நம் வீட்டுக்குக்கூடக் காய்கறி கொண்டுவந்து தருவானே, அவன் வெறுங்காலோடு சூட்டுத் தரையில் நின்றுகொண்டு, "மேஸ்திரி பூட்ஸு போட்டாரு, இனிமே நாந்தான் மேஸ்திரி! எனக்குச் சூடே தெரியல பாருங்கடா" என்று கத்தியிருக்கிறான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பொம்மைத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தேன். உன் அப்பா சிரிக்கவில்லை. அவனை ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். "கால நீட்டுடா" என்றார். அவன் விளையாட்டு என்று நினைத்து நீட்டினான். உன் அப்பா, அத்தனை பேர் முன்னாலும், அவன் காலடியில் குந்தி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் அவன் பாதத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார். செல்வராசு பதறிப்போனான். "அய்யோ மேஸ்திரி, என்னா பண்றீங்க? நீங்க போயி எங் காலத் தொட்டுக்கிட்டு..." என்று காலை இழுத்தான். அவர் விடவில்லை. என்னைப் பார்த்து, "கொஞ்சம் பஞ்சு எடுத்தா" என்றார். பெயிண்ட் துடைக்கிற பஞ்சைக் கொடுத்தேன். திரித்தார். "கண்ண மூடு. தொடுற எடத்தச் சொல்லு" என்றார்.

கை தட்டியவர்கள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள். செல்வராசு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான், காத்திருந்தான். "தொடுங்க மேஸ்திரி" என்றான். உன் அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. குதிகால் வெடிப்பில் ஒரு புண், சின்னதுதான், ஆரம்பம்தான். மறுநாளே அவன் பொண்டாட்டி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சர்க்கரை மாத்திரையோடும் நல்ல பயத்தோடும் திரும்பி வந்திருக்கிறான், காலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்குச் சூளையடியில், "இதெல்லாம் உங்களுக்கு எப்புடி மேஸ்திரி தெரியும்?" என்று அவன் கேட்டபோது, உன் அப்பா அவன் பாதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, "எம் புள்ள வேலடா இது. அவன் பம்பாய்க்குப் போறான், இங்க நாந்தான் பாக்கணும்" என்றார்.

நீ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாய். அவர் ஊருக்கே சொல்லிவிட்டார். டிக்கெட்டை எடு.

உன் தலையில் கை வைத்து,
அம்மா